மனச்சுமையும் ஒரு கொப்பியும்

"நாளைக்குச் செய்வோம்" என்று சொல்லும்பொழுது பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இருப்பதில்லை. சொல்லும் அக்கணத்தில் அது முழு உண்மையே. ஆனால் மறுநாள் விடியும்பொழுது அந்த நாளை "இன்று" என்னும் பெயருடன், தனக்கென வேறு பத்து வேலைகளையும் சுமந்துகொண்டு வருகின்றது. இதனை அறியாதார் எவருமிலர். அறிந்தும் ஏமாறுவோரே நம்மிற் பெரும்பாலார். நாமும் நெடுங்காலம் அவருள் ஒருவராய் இருந்தோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள கல்லூரியொன்றில் நாம் ஆசிரியத் தொழில் புரிந்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவன் ஒருவன் ஒரு படிவத்துடன் எம்மை நாடி வந்தான். தந்தையை இழந்தவன். தாயார் பிறர் தோட்டங்களில் வெங்காயம் நட்டும் கிண்டியும் குடும்பத்தைக் காத்து வந்தார். வசதி குறைந்த மாணவர்க்கு வெளிநாட்டிலுள்ள அன்பர் சிலர் மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் அதற்குத் தேவைப்பட்டது.

"நாளைக்கு எழுதி அனுப்பிவிடுறன், தம்பி. நீர் யோசியாமற் போம்" என்றோம். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையுள் வைத்தோம்.

அன்றிரவு உறவினர் வீட்டில் ஒரு மரணம். அடுத்த நாள்களில் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் குவிந்தன. மழையில் வீட்டுக் கூரை ஒழுகிற்று. பன்னிரண்டாம் நாள் அந்தச் சட்டையை எடுத்தபொழுது மடித்த தாள் கையிற் பட்டது. முடிவு நாள் கழிந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. உடனே அவனை அழைத்து உண்மையைக் கூறினோம். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்பு, "பரவாயில்லை, சேர். அடுத்த வருசம் பாப்பம்" என்றான். அவ்வாண்டு முழுவதும் அவன் விடுமுறை நாள்களில் ஒரு கடையிற் கணக்கெழுதித் தன் படிப்புச் செலவைத் தேடிக்கொண்டான். அவன் எம்மைக் கடிந்து பேசியிருந்தால் எமது மனம் ஓரளவு ஆறியிருக்கும்.

நாம் அந்தப் பன்னிரண்டு நாளும் சோம்பியிருந்தோமல்லோம். காலை முதல் இரவு வரை ஓயாது உழைத்தோம். அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? இந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முடிச்சு என்ன சொல்லும்?

எமது அம்மம்மா மறக்கக்கூடாத காரியம் எதுவும் நேர்ந்தால் சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு இடுவார். மாலையில் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சுக் கிடக்குது, என்னத்துக்குப் போட்டனான் எண்டுதான் தெரியேல்லை" என்று தாமே சிரிப்பார். மனித நினைவின் இயல்பு இதுவே. ஏதோ ஒன்று பாக்கியிருக்கின்றது என்பதை அது ஓயாது சொல்லும். அஃது யாது என்பதைத் தக்க வேளையிற் சொல்லாது. சந்தைக்குப் போய் வீடு திரும்பிய பின்பே உப்பு வாங்க மறந்தமை நினைவுக்கு வருவதை வாசகர் யாவரும் அறிவர்.

உளநூலார் இதனை ஆராய்ந்துள்ளனர். பேர்லின் நகரிற் கல்வி பயின்ற புளூமா சைகார்னிக் என்னும் பெண்மணி, செய்து முடித்த வேலைகளைக் காட்டிலும் இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே மனத்திற் கூடுதலாகத் தங்குகின்றன என்று 1927ஆம் ஆண்டில் எழுதினார். பிற்காலத்தார் செய்த சோதனைகள் எல்லாம் அதே விடையைத் தரவில்லை. எனினும் அரைகுறை வேலை மனத்தை அரிக்கும் என்பது நம் அனைவரின் அனுபவமுமாகும். 2011ஆம் ஆண்டில் மசிக்கம்போ, பௌமைஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மேலும் ஒன்றைக் கண்டனர். முடியாத காரியம் மனத்தைத் தொந்தரவு செய்யாதிருக்க, அதனை முடித்தேயாக வேண்டும் என்பதில்லை. எப்பொழுது, எவ்விடத்தில், எவ்வாறு செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே மனம் பெரிதும் அமைதியடைகின்றது.

எமது பிழை இங்கேதான் இருந்தது. "நாளைக்கு" என்பது திட்டமன்று; அஃது ஒரு முடிச்சு மாத்திரமே.

ஒரே கொப்பி

வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறைகளைப் பற்றி மேலைநாட்டார் பல நூல்கள் எழுதியுள்ளனர். அமெரிக்கரான டேவிட் அலன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. ரைடர் கரோல் என்பார் சாதாரணக் கொப்பியொன்றையே கருவியாகக் கொண்ட மற்றொரு முறையை 2013இல் வெளியிட்டார். இவற்றின் சாரத்தை எமது ஊர் வாழ்வுக்கு ஏற்றவாறு நாம் எடுத்துக்கொண்டோம். அதற்கு வேண்டிய பொருள்கள் ஒரு கொப்பியும் ஒரு பேனையுமே.

முதலாவது விதி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுதல். அதற்கு முன் நாம் எழுதாமல் இருந்தோமல்லோம். கடித உறையின் பின்புறத்திலும், பேருந்துச் சீட்டிலும், நாட்காட்டியின் ஓரத்திலும், சில வேளை உள்ளங்கையிலும் எழுதினோம். பத்து இடத்தில் எழுதுவது எழுதாமைக்குச் சமம். வேலை பிறந்த அக்கணமே அது கொப்பியில் ஏற வேண்டும்.

இரண்டாவது, செய்யத்தக்க சொல்லால் எழுதுதல். இதன் அருமையை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். "அம்மாவின் காணி அலுவல்" என்பது நான்கு ஆண்டுகளாக எமது மனத்தில் ஒரு பாறை போலக் கிடந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபொழுது எத்தனையோ குடும்பங்களின் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் தொலைந்தன. எமது வீட்டு உறுதியும் அவற்றுள் ஒன்று. அதன் பிரதியைப் பெற வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் களைப்பே வரும். "காணி அலுவல்" என்பதை எவராலும் செய்ய முடியாது. அதன் முதற் படியைத்தான் செய்ய முடியும். அந்தப் படி யாது என்று சிந்தித்தபொழுது, "உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரையும் ஆண்டையும் பெரியம்மாவிடம் தொலைபேசியிற் கேட்டல்" என்று எழுதினோம். பத்து நிமிடத்தில் அது முடிந்தது. அடுத்த படி காணிப் பதிவகம். நான்கு ஆண்டுகளாக அசையாத பாறை சில வாரங்களில் உருண்டது.

மூன்றாவது, இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையை எழுதவே கூடாது; அப்பொழுதே செய்துவிட வேண்டும். இது மேற்கூறிய அலனின் அறிவுரை. அந்த மாணவனின் கடிதம் இரண்டு நிமிட வேலையன்று. அரை மணி நேர வேலை. ஆயின், "வியாழன் மாலை நான்கு மணி, ஆசிரியர் அறையில்" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதுமாயிருந்தது.

நான்காவது, வாரத்துக்கு ஒரு முறை கொப்பியை முதலிலிருந்து பார்த்தல். பயிர் நட்டால் மாத்திரம் போதாது. களை பிடுங்கவும் வேண்டும். முடிந்தவற்றை வெட்டி, தேவையற்றவற்றை நீக்கி, வரும் வாரத்துக்குரியவற்றைத் தெரிந்து குறித்தல் வேண்டும். எமக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை அதற்குரிய வேளை. எத்தகைய நல்ல முறையும் இந்த ஒன்று தவறினால் மூன்றாம் வாரத்தில் இறந்துவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தோம்.

விளக்குள்ள வேலை, விளக்கில்லா வேலை

எழுதிவிட்டோம், எதை எப்பொழுது செய்வது? இதனை எமக்குக் கற்பித்தது நூலன்று. ஜாம் போத்தல் விளக்கு.

1990இற்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது, மண்ணெண்ணெயும் அரும்பொருளாகிய ஆண்டுகளில் நாம் பள்ளிச் சிறுவர். வெறும் ஜாம் போத்தலுள் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுத் திரி செருகி எரித்த அந்தச் சிறு சுடரில் அக்காலத்து மாணவர் யாவரும் படித்தனர். எமது வீட்டில் அம்மம்மா ஓரிரவுக்குரிய எண்ணெயை அளந்தே விடுவார். ஆதலின் பாடங்களை இரண்டாகப் பிரித்தோம். கணக்குச் செய்தலும் எழுதுதலும் விளக்குள்ள வேலை. செய்யுள் ஒப்புவித்தல், வாய்பாடு, வரலாற்று ஆண்டுகள் ஆகியவை விளக்கில்லா வேலை. சுடர் இருக்கும்வரை முன்னவை. அணைந்த பின் இருளில் முற்றத்திற் பாய் விரித்துப் பின்னவை. ஒரு சொட்டு எண்ணெயும் வீண் போகவில்லை.

இன்று கொப்பியில் நாம் செய்வதும் அதுவே. யாழ்ப்பாண நகரத்துக்குப் போனாற் செய்ய வேண்டியவை, தொலைபேசியிற் பேச வேண்டியவை, தனித்திருந்து எழுத வேண்டியவை, களைத்திருக்கும்பொழுதும் செய்யக்கூடியவை என்று வேலைகளைப் பிரித்து எழுதுகின்றோம். கச்சேரிக்குப் போகும் நாளில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், வங்கி அலுவலும் புத்தகக் கடை அலுவலும் அதே பயணத்தில் முடிகின்றன.

வேலையைத் தெரியும்பொழுது இடம், கிடைக்கும் நேரம், உடலில் எஞ்சியுள்ள வலு, வேலையின் முதன்மை ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும் என்கிறார் அலன். இதனைப் படித்தபொழுது எமக்குத் திருக்குறளின் அதிகார வரிசை நினைவுக்கு வந்தது. 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை; 48 வலியறிதல்; 49 காலமறிதல்; 50 இடனறிதல். அரசனுக்காக வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த அந்த நான்கும் இன்று ஓர் இல்லத்தரசிக்கும் ஒரு மாணவனுக்கும் அப்படியே பொருந்துகின்றன. இரவு பத்து மணிக்கு, கண் சொருகும் வேளையில், கடினமான கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு தன்னைத் தானே நொந்துகொள்ளும் மாணவன் வலியறியாதவன். அதே கணக்கு அதிகாலையில் எளிதாய் முடியும்.

ஒரு நாழிகை

மாணவர்க்கு மற்றொரு செய்தியும் கூறுவோம். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் மாணவராயிருந்தபொழுது படிப்பில் மனம் நில்லாது வருந்தினார். தக்காளி வடிவிலான சமையலறை மணிப்பொறியொன்றைத் திருப்பி வைத்து, அது ஒலிக்கும்வரை வேறெதையும் தொடுவதில்லை எனத் தீர்மானித்தார். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என அம்முறை பின்னர் நிலைபெற்று, தக்காளியின் இத்தாலியப் பெயராலேயே "பொமொடோரோ" என உலகெங்கும் வழங்குகின்றது.

நமது முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். நீர் ஒழுகும் கலத்தைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிற் காண்கின்றோம். அவர் அதனைப் படிப்புக்காக வகுத்தாரல்லர். எனினும் மனம் ஒரு பொருளிற் களைப்பின்றி ஊன்றி நிற்க ஏறத்தாழ ஒரு நாழிகை தக்க அளவு என்பதை எமது மாணவர் பலரிடம் கண்டுள்ளோம். "இன்றிரவு முழுவதும் படிப்பேன்" என்பவன் கைபேசியைப் பத்து முறை எடுத்துப் பார்ப்பான். "ஒரு நாழிகை மாத்திரம்" என்பவன் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அமர்வான். முடிவில் அவனே கூடுதலாகப் படித்திருப்பான்.

நியமத்தின் துணை

இவ்வூரில் ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் எவ்வளவு செய்தல் கூடும் என்பதற்கு நல்லூர் ஆறுமுக நாவலரே சான்று. 1822இற் பிறந்து 1879இல் மறைந்த அவரது வாழ்வு 57 ஆண்டுகூட நிறையாதது. அதனுள் 1848இல் வண்ணார்பண்ணையில் வித்தியாசாலை நிறுவினார். 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். பாலபாடங்கள் எழுதினார். ஏட்டிலிருந்த நூல்களைப் பிழையறப் பார்த்து அச்சேற்றினார். 1864இற் சிதம்பரத்திலும் ஒரு பாடசாலை கண்டார். மின்விளக்கும் தட்டச்சும் இல்லாத காலம் அது.

அவர் எழுதிய சைவவினாவிடையில் நித்திய கருமத்துக்கென ஓர் இயலே உண்டு. துயிலெழ வேண்டிய நேரத்திலிருந்து அன்றாட ஒழுக்கத்தை அது வரிசையாக வகுத்துரைக்கின்றது. சமய நெறி ஒருபுறமிருக்க, அதிலுள்ள உலகியல் நுட்பத்தை நோக்குவோம். நாள்தோறும் நிகழ வேண்டியவற்றை ஒரு முறை வகுத்து நியமமாக்கிவிட்டால், அவற்றை நாள்தோறும் புதிதாக எண்ணித் தீர்மானிக்கும் சிரமம் இல்லை. மனத்தின் வலு முழுவதும் அரிய காரியங்களுக்கு மிஞ்சும். பல் துலக்குதலை எவரும் கொப்பியில் எழுதுவதில்லை. உடற்பயிற்சியும், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தலும், படுக்குமுன் நாளைய புத்தகங்களைப் பையில் அடுக்குதலும் அவ்வாறே நியமமாதல் வேண்டும். கொப்பி, நியமத்துக்குள் அடங்காத வேலைகளுக்கே உரியது.

எவர் தலையில்?

கொப்பி எழுதத் தொடங்கிய முதல் ஞாயிறன்று, வீட்டு வேலைகள் அனைத்தையும் ஒரு பக்கத்தில் எழுதப் புகுந்தோம். பத்து வரியில் எமக்குத் தெரிந்தவை முடிந்தன. இல்லாளை அழைத்துக் கேட்டோம். எரிவாயுக் கொள்கலன் எத்தனை நாளுக்கு வரும், மாமியாரின் மருந்து எந்நாளில் முடியும், மகளுக்குத் தடுப்பூசி எப்பொழுது, எந்த வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம், மழைக்கு முன் மோர் மிளகாய் காயவைக்க எத்தனை வெயில் வேண்டும் என்று அடுப்படியில் நின்றபடியே அவர் சொல்லிக்கொண்டு போனார். பக்கம் நிறைந்தது, மறுபக்கமும் நிறைந்தது.

"இஞ்சாருங்கோ, நான் நினைச்சு வைச்சிருக்கிறதெல்லாம் எழுதப் போனால் உங்கட கொப்பி காணாது" என்று சிரித்தார்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கடிதத்தை நினைவில் வைத்திருக்க இயலாத நாம், இத்தனையையும் ஒருவர் இருபது ஆண்டுகளாகத் தலையிற் சுமந்ததை ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. சமைத்தலும் பெருக்குதலும் கண்ணுக்குத் தெரியும் வேலை. மறவாதிருத்தல் கண்ணுக்குத் தெரியாத வேலை. அன்று முதல் ஞாயிறு மாலையில் தேநீருடன் இருவரும் அமர்ந்தே கொப்பியைப் பார்க்கின்றோம். மருந்தும் எரிவாயுவும் எமது பெயருக்கு மாறின. மூத்த மகன் தன் தங்கையின் துவிச்சக்கர வண்டியைப் பழுது பார்ப்பித்தலைத் தானே கேட்டு எழுதிக்கொண்டான். இந்த முறையால் எமக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுவே எனக் கூறுவோம்.

புள்ளியுள்ள கோடரி

இனி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்தின் ஏழு நாளுக்கும் கட்டமிட்ட சிறு கொப்பியொன்றில், தவறும்போதெல்லாம் ஒரு கரும்புள்ளி வைத்து வந்தமையைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அவற்றுள் "ஒழுங்கு" என்பதே தம்மை மிக வருத்திற்று என அவர் ஒப்புக்கொள்கின்றார். அங்கே ஒரு கதையும் சொல்கின்றார். கோடரி முழுவதும் வாய்ப்புறம் போலப் பளபளக்க வேண்டுமென ஒருவன் கொல்லனிடம் கேட்டானாம். "நீ சாணைக் கல்லைச் சுற்று, நான் தீட்டுகின்றேன்" என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் களைத்தவன், இன்னும் புள்ளிகள் இருக்கக் கண்டும், "புள்ளியுள்ள கோடரியே எனக்கு மிகப் பிடிக்கும்" என்று எடுத்துப் போனானாம்.

எமது கொப்பியிலும் புள்ளிகள் உண்டு. சில வாரங்கள் அதனைத் திறக்கவேயில்லை. நம்மூரில் ஒரு மரணவீடு நேர்ந்தால் அன்றைய பட்டியல் முழுவதும் ஒதுங்கியே தீரும், ஒதுங்கவும் வேண்டும். அயலவர் வாசலில் நிற்க, "எனக்கு நேரமில்லை" என்று கொப்பியைக் காட்டுபவன் ஒழுங்கைக் கற்றவனல்லன். ஆதலின் ஒரு நாளுக்கு மூன்று காரியங்களுக்கு மேல் நாம் குறிப்பதில்லை. மிகுதி நேரம் மனிதருக்கு. கோடுகளும் வண்ணங்களும் இட்டுக் கொப்பியை அலங்கரிப்பதிலேயே பொழுதைப் போக்குவோரும் உளர். அஃது உழாமல் கலப்பைக்குப் பூச்சூட்டுவதை ஒக்கும்.

வாசக அன்பர்களே, இன்று மாலையே ஒரு பழைய கொப்பியை எடுங்கள். மனத்திற் கிடப்பவற்றையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். பிறருக்கு வாக்களித்தவற்றை முதலில் எழுதுங்கள். நமக்காகச் செய்ய வேண்டியதை நாம் மறந்தால் நட்டம் நம்முடையது. பிறருக்குச் சொன்னதை மறந்தால் நட்டம், எம்மை நம்பித் திரும்பிப் போன ஒருவருடையது.

எமது கொப்பியின் முதற் பக்கத்து முதல் வரி அந்த மாணவனின் பெயர். அடுத்த ஆண்டுக்குரிய விண்ணப்பம் வெளியான அன்றே, அவன் வந்து கேட்குமுன், கடிதத்தை எழுதி நாமே அஞ்சலிற் சேர்த்தோம். அம்முறை உதவி கிடைத்தது. இழந்த ஓராண்டை மீட்டுக் கொடுக்க எம்மால் இயலவில்லை. இன்று எந்த மாணவனேனும் படிவத்துடன் வந்து நின்றால், அவன் கண்முன்னே கொப்பியைத் திறந்து நாளையும் நேரத்தையும் எழுதிவிட்டே, "போய் வாரும், தம்பி" என்று அனுப்புகின்றோம்.